பிரசவ அறையில் யார் காத்திருப்பது

2005-06இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களுக்கு 20 சிசேரியன். 2015-16இல் எடுத்தபோது அது 34 ஆகியிருந்தது. 2019-21 கணக்கெடுப்பில் 45. தனியார் மருத்துவமனைகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் 64. அரசு மருத்துவமனைகளில் 36. இந்தக் கணக்கு வெளியாகும்போதெல்லாம் இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும். டாக்டர்களுக்குக் காசாசை என்பது ஒன்று. இந்தக் காலத்துப் பெண்களுக்கு வலி தாங்கத் தெம்பில்லை என்பது மற்றொன்று. முதலாவதில் கொஞ்சம் உண்மை உண்டு, இரண்டாவதில் அதைவிடக் குறைவு. பதினைந்தே ஆண்டில் ஒரு மாநிலம் முழுக்க நடந்த மாற்றத்துக்குக் காரணத்தை ஆட்களின் குணத்தில் தேடுவதுதான் இரண்டிலும் உள்ள கோளாறு. காரணம் அதைவிடப் பழையது என்பது என் வாதம். தமிழ்நாடு ஒன்றரை நூற்றாண்டாகப் பிரசவத்தை வீட்டிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே முன்வரிசையில் நின்று அதைச் செய்தது. ஆனால் வலி எடுத்தவளின் பக்கத்தில் இராமுழுக்க உட்கார்ந்து, எதுவரை பொறுக்கலாம், எப்போது இனிப் பொறுக்கக் கூடாது என்று சொல்லத் தெரிந்த ஆளை வழியில் எங்கேயோ இறக்கிவிட்டது. அந்த ஆள் இல்லாத அறைக்குக் கத்தி சீக்கிரமே வந்துசேர்கிறது.

முன்பு அந்த ஆள் யார்? பல ஊர்களில் நாவிதர் குடும்பத்துப் பெண்தான் மருத்துவச்சி. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளிலேயே இந்தப் பதிவு இருக்கிறது. ஆண் சவரம் செய்வார், பெண் பிள்ளைப்பேறு பார்ப்பார். கூலி நெல்லாகவும் சேலையாகவும் வரும். இன்று மருத்துவச்சியைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் அவரைக் கைராசிக்காரியாக மட்டுமே காட்டுகிறார்கள். அவர் அந்த வேலையை விரும்பி எடுத்துக்கொள்ளவில்லை. பிரசவித்தவளும் அவரைத் தேடித் தேர்ந்துகொள்ளவில்லை. ஊர் ஒதுக்கிவைத்த சாதிக் கடமை அது. இரத்தமும் நச்சுக்கொடியும் தீட்டு என்பதால்தான் அவர் தலையில் விழுந்தது. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, இடுப்பெலும்பு வழிவிடாமல் போனாலோ, நச்சுக்கொடி பிரியாமல் இரத்தம் கொட்டினாலோ அவரிடம் மாற்று வழி கிடையாது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு 1946இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் பெண்கள் பிரசவத்தில் இறப்பதாக மதிப்பிட்டது. ஆயிரம் பிறப்புக்கு 20 தாய்மார். இன்று நாம் லட்சம் பிறப்புக்கு இத்தனை என்று கணக்குச் சொல்கிறோம். அந்தக் கணக்கில் அது 2,000. பழைய நாளில் எல்லாம் சுகப்பிரசவம்தானே என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

மருத்துவமனை வந்த கதை சென்னையில் 1844இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஏற்பட்ட பிரசவ ஆஸ்பத்திரிதான் 1882இல் எழும்பூரில் இப்போதைய இடத்துக்கு மாறி, அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையாக இன்றும் நடக்கிறது. அங்கே போய்ச் சேர்வது அன்றைக்கு எளிதாக இருக்கவில்லை. ஆண் மருத்துவர் தொடுவதைவிடச் சாவது மேல் என்று நினைத்த வீடுகள் இந்துக்களிலும் இருந்தன, முஸ்லிம்களிலும் இருந்தன. சென்னையில் வழக்கறிஞராக இருந்த ஓர் ஆங்கிலேயரின் மனைவி மேரி ஷார்லீப் இதைக் கேள்விப்பட்டு, முதலில் அதே பிரசவ ஆஸ்பத்திரியில் பேறுகாலப் பயிற்சி எடுத்துக்கொண்டார். பிறகு 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரானார். அவர் முயற்சியில் 1885இல் பெண்களுக்கென்றே உருவானதுதான் திருவல்லிக்கேணியில் இன்றும் பலர் வாயில் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று வழங்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, தங்கள் மனைவியருக்குப் பிரசவம் பார்க்கப் பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்டதும், மிஷனரி குடும்பத்துப் பெண்ணான இடா ஸ்கடருக்கு அப்போது மருத்துவம் தெரியாததால் மூன்று பெண்களும் இறந்ததும், அவர் படித்துவிட்டு வந்து 1900இல் வேலூரில் வைத்தியம் தொடங்கியதும் ஊரறிந்த கதை. இந்தக் கதைகளைப் பெண் டாக்டர் வந்த கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். யாரிடம் பிரசவம் பார்ப்பது என்ற கேள்வி தமிழ்நாட்டில் முதன்முதலாக எழுந்த இடமும் இதுதான். அந்தக் கேள்விக்கு அன்று கிடைத்த பதில், பார்ப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிட்டது. பெண் டாக்டரா, பயிற்சி பெற்ற மருத்துவச்சியா என்ற அடுத்த கேள்வியைப் பெரிதாக யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம், ஆள் இருந்தார்கள். 1926இலேயே சென்னை மாகாணத்தில் செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் வந்துவிட்டது. எழும்பூர் மருத்துவமனையின் முதல் இந்தியக் கண்காணிப்பாளரான ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் போர் குழுவிலும் உறுப்பினர். அந்தக் குழு கணக்கெடுத்தபோது நாடு முழுவதும் பதிவு பெற்ற மருத்துவச்சிகள் ஏறத்தாழ 5,000 பேர்தான் இருந்தார்கள். இந்த எண்ணிக்கையைப் பல மடங்கு பெருக்க வேண்டும் என்றது குழு. விடுதலைக்குப் பிறகு ஏ.என்.எம். என்ற பெயரில் செவிலியமும் பேறுகாலமும் கற்ற பெண்கள் கிராமங்களுக்கு வந்தார்கள். அவர்களைப் பிரசவத்திலிருந்து இழுத்துக்கொண்டது குடும்பக் கட்டுப்பாடு. 1960களின் நடுவிலிருந்து ஆள் பிடிக்கும் இலக்கு அவர்கள் தலையில் ஏறியது. 1973இல் கர்தார் சிங் குழு அவர்களைப் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கச் சொன்னது. தடுப்பூசி, கணக்கெடுப்பு, பதிவேடு, ஊட்டச்சத்து என்று வேலைகள் வரிசையாகச் சேர்ந்தன. இன்றைய கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணியின் பெயரைப் பதிவார், இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார், எங்கே போய்ப் பிரசவிக்க வேண்டும் என்று சொல்வார். பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் அவர் கையை விட்டுப் போய்விட்டது. பரம்பரை மருத்துவச்சியை ஒதுக்கியதற்குச் சுத்தமின்மை என்ற காரணமாவது இருந்தது. படித்த மருத்துவச்சியை யாரும் ஒதுக்கவில்லை. வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு மறந்துபோனார்கள்.

இதே காலத்தில் அறுவை பாதுகாப்பானதாக ஆகிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை சிசேரியன் என்றால் பெரும்பாலும் தாய்க்குச் சாவுதான். கீறிய கருப்பையைத் தைக்கும் வழக்கமே இல்லை. 1882இல் லைப்சிக் நகரத்து மாக்ஸ் சேங்கர் அதைத் தைத்து மூடும் முறையை எழுதினார். 1920களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையைப் பரப்பினார். தழும்பு பின்னால் கிழியும் ஆபத்து அதனால் வெகுவாகக் குறைந்தது. பிறகு பெனிசிலின், இரத்த வங்கி, முதுகில் போடும் மயக்க ஊசி. எத்தனையோ பெண்களைக் காப்பாற்றிய முன்னேற்றம் இது, இதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்டதனம். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். நியூயார்க்கின் எட்வின் கிராகின் 1916இல், ஒருமுறை சிசேரியன் என்றால் அப்புறம் எப்போதும் சிசேரியன்தான் என்ற பொருளில் எழுதியது உலகெங்கும் மந்திரம்போல் பரவியது. முதல் அறுவையை லேசாகச் செய்துவிடாதீர்கள் என்று எச்சரிக்கத்தான் அவர் அதை எழுதினார். நாளடைவில் அது இரண்டாவது அறுவைக்கு அனுமதிச் சீட்டாகிவிட்டது.

தமிழ்நாட்டின் பெரிய சாதனைக் காலம் 1990களிலிருந்து தொடங்குகிறது. அப்போதுகூட மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் வீட்டில்தான் பிறந்தன; 2019-21இல் நூற்றுக்கு 99க்கு மேல் மருத்துவமனையில். நடுவில் நடந்தவை பல. ஒவ்வொரு தாய் இறப்பையும் விசாரிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்பே கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் முறை வைத்து மூன்று செவிலியர்கள் நியமிக்கப்பட்டு இரவும் பிரசவம் நடந்தது. அவசர அறுவைக்கும் இரத்தத்துக்கும் ஏற்பாடுள்ள சீமாங்க் மையங்கள் மாவட்டந்தோறும் வந்தன. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான பேறுகால உதவித்தொகை ஏறிக்கொண்டே போனது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2001-03இல் லட்சம் பிறப்புக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு 2018-20இல் 54 ஆனது. இந்த ஏற்பாட்டுக்கு உள்ளேயேதான் நான் சொல்லும் கோணலும் இருக்கிறது. தாய் இறந்தால் மாவட்ட ஆட்சியர் கூட்டத்தில் டாக்டர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். தேவையில்லாமல் வயிற்றைக் கீறினால் நெடுங்காலம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் செவிலியர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும், அங்கே டாக்டர் தியேட்டருக்கு அனுப்புவதும் அவரவர் நிலையில் நியாயமான முடிவுகள். எல்லாரும் நியாயமாக நடந்துகொண்டதன் கூட்டுத்தொகைதான் அரசு மருத்துவமனையின் 36.

அறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பிரசவ மேசைப் பக்கத்தில் ஒரு கட்டத்தாள் இருக்கும், பார்ட்டோகிராப் என்பார்கள். கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று அதில் புள்ளி வைத்துக்கொண்டே வர வேண்டும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற வேகத்தில் ஒரு சாய்வுக்கோடு அச்சிட்டிருக்கும். புள்ளி அந்தக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனால் எச்சரிக்கை. ஆரோக்கியமான பெண்கள் பலருக்கே அந்த வேகம் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொல்லிவிட்டது. ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகும் முதல் பிரசவத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்வரை ஆகலாம். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டும். ஒரே செவிலியர் நாலைந்து பேரைக் கவனிக்கும் வார்டில் ஆக்ஸிடோசின் சொட்டு ஏற்றி வலியை விரட்டுவார்கள். 1990களின் நடுவில் தமிழ்நாட்டில் ஆய்வு செய்த மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், பெண்களே அந்த ஊசியைக் கேட்டுவாங்கியதைப் பதிவு செய்திருக்கிறார். வலி குறைய மருந்து கேட்கும் மேல்நாட்டுப் பெண்களைப் பார்த்துப் பழகியவருக்கு, வலி கூட மருந்து கேட்ட பெண்கள் புதிது. வலி தாங்கத் தெம்பில்லை என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை. ஊசியால் வரும் வலி சில வேளை குழந்தையைத் திணறவைக்கும். அதைக் கவனிக்க இதயத்துடிப்பை ஓயாமல் வரையும் சி.டி.ஜி. இயந்திரம் வரும். அந்த இயந்திரத்தைப் பற்றிய பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பிறந்த குழந்தைக்கு வரும் வலிப்பு அதனால் குறைகிறது, மூளைவாதமோ இறப்போ குறையவில்லை, சிசேரியன் மட்டும் கூடுகிறது என்று சொல்கிறார்கள். ஆளுக்குப் பதில் இயந்திரம் காத்திருந்தால், கோடு லேசாக வளைந்தாலும் அதற்குத் தெரிந்த ஒரே பேச்சு அபாய மணிதான்.

தனியார் மருத்துவமனையில் இது வேறு வடிவம் எடுக்கிறது. நம் ஊர்களில் பல நர்சிங் ஹோம்களை நடத்துவது ஒரு டாக்டரோ, கணவன் மனைவியாக இரண்டு டாக்டர்களோதான். காலையில் புறநோயாளிகள், மதியம் ஆபரேஷன், மாலையில் மறுபடி புறநோயாளிகள். மயக்க டாக்டரும் குழந்தை டாக்டரும் வெளியிலிருந்து போன் போட்டால் வருபவர்கள். இவர்களில் யாரும் தலைப்பிரசவக்காரியின் பக்கத்தில் பதினான்கு மணி நேரம் இருக்க முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் அறுவைக்கு எல்லாரும் வர முடியும். கட்டணமும் அதற்கே கூடுதல். காசாசை என்ற விளக்கம் இங்கே ஓரளவு பொருந்தும். ஆனால் ஆசையே இல்லாத டாக்டருக்கும் இந்த நேர அட்டவணை அதே முடிவைத்தான் கொடுக்கும். 1995இல் உச்ச நீதிமன்றம் டாக்டர்களை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. தாமதித்தாய் என்று வழக்குப் போட வழி உண்டு. அவசரப்பட்டாய் என்பதை நிரூபிப்பது எப்படி? தாயும் சேயும் நலமாக வீட்டுக்குப் போயிருப்பார்களே.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். சிசேரியன் கூடியது, தாய் இறப்பு குறைந்தது. இரண்டும் கூடவே நடந்திருக்கும்போது எதற்குப் புகார்? இரண்டும் சேர்ந்து நடந்தது உண்மை. ஒன்று மற்றதற்குக் காரணமா என்று பார்க்க மற்ற மாநிலங்கள் உதவும். அதே கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தின் சிசேரியன் அளவு நூற்றுக்கு 25. 2018-20இல் அங்கே தாய் இறப்பு லட்சத்துக்கு 33. நமக்கு 45, 54. தெலங்கானாவில் 61, 43. கேரளத்தில் 39, இறப்பு 19. இந்த எண்களை எப்படி அடுக்கினாலும், கீறக் கீறச் சாவு குறையும் என்ற வரிசை கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1985இல் பிரேசிலின் போர்ட்டலேசா நகரில் கூடி, 10 முதல் 15 வரை போதும் என்றது. 2015இல் மறுபடி ஆராய்ந்து, 10க்கு மேல் போனால் தாய் சேய் இறப்பு அதனால் குறைவதாகத் தெரியவில்லை என்றது. கூடவே, ஓர் எண்ணைப் பிடிக்க ஓடாதீர்கள், தேவைப்படுபவளுக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் இறப்பைக் குறைத்தது இரத்தமும் வண்டியும் விசாரணையும், தேவையான அறுவையும். தேவையற்றதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்படக் காரணமில்லை.

இரண்டாவது மறுப்பு, பெண்கள் மாறிவிட்டார்கள் என்பது. தாமதமான திருமணம், சர்க்கரை, உடல் பருமன், செயற்கைக் கருத்தரிப்பு எல்லாம் கூடியிருக்கின்றன. சிசேரியனில் ஒரு பங்கை இவை விளக்கும். ஆனால் சிக்கலான கேஸ்களைக் கடைசியில் வாங்கிக்கொள்வது அரசு மருத்துவமனைதான். நோய்தான் காரணம் என்றால் அங்கேதான் எண் கூடியிருக்க வேண்டும். தனியாருக்குப் போகிறவர்கள் வயதிலும் வசதியிலும் கூடியவர்கள் என்று சொல்லலாம்; 36க்கும் 64க்கும் இடையே உள்ள தூரத்தை அது மட்டும் கடக்காது. நாள் நட்சத்திரம் பார்த்துக் குழந்தை எடுப்பவர்கள் உண்டு. அது டாக்டர் சம்மதித்தால் மட்டுமே நடக்கும் காரியம். சரியாகக் கவனிக்கப்படாத காரணம் ஒன்று நம் குடும்ப அளவில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண் சராசரியாகப் பெறுவது இரண்டுக்கும் குறைவு. மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். இரண்டாவது சிசேரியனோடு குடும்பக் கட்டுப்பாட்டையும் முடித்துவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. மூன்றாவது நான்காவது பிரசவத்தில் பழைய தழும்பின் மேல் நச்சுக்கொடி வேரூன்றி இரத்தம் கொட்டும் ஆபத்தை வெளிநாட்டு டாக்டர்கள் பயத்தோடு பேசுகிறார்கள். நம் டாக்டர் அதை அரிதாகவே பார்க்கிறார். முதல் அறுவைக்கான விலை கண்ணில் படாததால் கை தயங்குவதில்லை.

மருத்துவச்சியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வது பிற்போக்கு என்பார்கள். 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் ஒரு பெண் இறந்ததை நினைவுபடுத்துவார்கள். அந்த அறையில் இல்லாமல் போனது என்ன? தெரிந்த ஆள். வீடு நல்லது என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனைக்குள், தியேட்டருக்குப் பக்கத்து அறையில், படித்த மருத்துவச்சி வேண்டும் என்கிறேன். நெதர்லாந்திலும் சுவீடனிலும் இயல்பான பிரசவத்தை அவர்கள்தான் பார்க்கிறார்கள். அங்கே சிசேரியன் நூற்றுக்கு 20ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். துணை ஆள் ஒருவர் ஓயாமல் பக்கத்தில் இருந்தாலே மாற்றம் தெரிகிறது: பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட பரிசோதனைகளைத் தொகுத்தபோது, ஓயாத துணை கிடைத்தவர்களுக்கு சிசேரியன் நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அம்மாவோ மாமியாரோ உள்ளே இருக்கலாம் என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் 2000களிலேயே கொண்டுவந்தன. பல தனியார் பிரசவ அறைகளில் உறவினர் இன்னும் கதவுக்கு வெளியேதான். இந்தியாவிலேயே அதிகம் கீறும் தெலங்கானாதான் செவிலியரைத் தனி மருத்துவச்சிகளாகப் பயிற்றுவதில் முந்திக்கொண்டது. 2018இல் மத்திய அரசும் அதற்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று வீட்டில் பேசும்போது டாக்டரம்மா கைராசி, ஏசி அறை, காப்பீடு, அம்மா வீட்டுக்குப் பக்கமா என்பவை அலசப்படும். ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்தில் யார் இருப்பார், அவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டிருப்பார், வீட்டு ஆள் ஒருவர் உள்ளே இருக்கலாமா, முதலில் சிசேரியன் ஆனவளுக்கு அடுத்ததை இயல்பாக முயன்று பார்ப்பீர்களா என்று கேட்பவர்கள் குறைவு. 2017இல், மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் தங்கள் சிசேரியன் விகிதத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவானது. நல்ல எண்ணம்தான். ஆனால் வெறும் விகிதம் ஏமாற்றும். சிக்கலான கேஸ்களை வாங்கும் ஆஸ்பத்திரி அதில் மோசமாகத் தெரியும், அவற்றைத் திருப்பியனுப்பும் ஆஸ்பத்திரி உத்தமமாகத் தெரியும். மைக்கேல் ராப்சன் 2001இல் வகுத்த பத்துப் பிரிவுகள் இதற்கு வழி சொல்கின்றன. முதல் குழந்தை, ஒற்றைக் கரு, தலை கீழே, மாதம் நிறைந்தது, வலி தானாக வந்தது: இந்த ஐந்தும் பொருந்தும் பெண்கள்தான் முதல் பிரிவு. இவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரை உங்கள் ஆஸ்பத்திரியில் கீறுகிறீர்கள் என்பதுதான் கேட்க வேண்டிய எண். அதைச் சொல்லப் புதிதாக ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. இந்த ஐந்து விவரங்களும் ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் எழுதப்படுபவைதான், கூட்டிப் பார்க்க ஒரு மத்தியானம் போதும்.